ஊசிக்குப் பிறகு நடந்ததைச் சொல்வோம்

அரைப் பேரை இழந்து, மலையேறி இறங்கி, 2, 4, 6 மாத ஊசிகளுக்கு நம் தாய்மார் பிள்ளைகளைக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்கிறார்கள். ஆனால் ஊசி போட்ட இரவு பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது பல வேளைகளில் லயத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

தடுப்பூசிக்குப் பின்னான பாதிப்புகளைக் கண்காணிக்கும் முறை இந்நாட்டில் 1996 முதல் இருக்கிறது. தாய் சொல்வதை மருத்துவமாது பதிவு செய்கிறார். அது சுகாதார வைத்திய அதிகாரி மூலம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. தாய் வாய் திறக்காவிட்டால் அங்கே எதுவும் போய்ச் சேராது.

சொன்னால் என்ன பயன்? 2008 ஜனவரியில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசி அறிமுகமானது. சில குழந்தைகளின் மரணம் பற்றி அறிவிக்கப்பட்டதும் ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஆய்வுகளுக்குப் பிறகு 2010இல் மீண்டும் வந்தது. அறிவித்ததால்தான் ஆராய்ந்தார்கள். வதந்தியால் இது நடக்காது. வதந்தி பிள்ளைக்கு ஊசி கிடைக்காமல் செய்வதோடு சரி.

இலேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வழமையானவை. ஓரிரு நாளில் மாறும். கடும் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எதுவானாலும் திகதியோடு குறித்துவைத்து, அடுத்த கிளினிக்கில் கேட்காவிட்டாலும் சொல்வோம். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் பாட்டியோ பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரோ என்றால், அவர்களிடமும் கேட்டுச் சொல்வோம்.

சொல்லும் பொறுப்பு நம்முடையது. கேட்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது. தமிழ் தெரியாதவரிடம் ஒரு தாய் வலிப்பை எப்படி விளக்குவாள்? ஆகவே நாம் கேட்பது மூன்று: தோட்டக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஊழியர், தமிழில் எழுதிய விளக்கம், ஊசி நாளில் பேர் வெட்டாமை. அவசரத்துக்கு வாகனம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பதையும் நினைவூட்டுகிறோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கட்டும். ஊசியைத் தவறவிடவும் வேண்டாம். நடந்ததை மறைக்கவும் வேண்டாம்.