புதிதாய் வந்த பூனை

பூனையொன்றை வீட்டுக்குக் கொணர்தல் எளிது. ஏற்கெனவே அவ்வீட்டில் வாழும் பிராணிகளோடு அதனை ஒன்றி வாழச் செய்தல் எளிதன்று. முன்னதற்கு ஒரு கூடை போதும். பின்னதற்குப் பல நாட் பொறுமை வேண்டும். இவ்வேற்றுமையை அறியாது அவசரப்பட்டமையால் யான் ஒரு பழைய தோழியை இழந்தேன். அவ்விழப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

இக்கல்லூரியை விட்டு நீங்கித் தொழில் நிமித்தம் ஓசூரில் குடியேறிய நாள் முதல், பாகலூர்ச் சாலைக்கு அருகே இரண்டு அறைகள் கொண்ட மாடி வீட்டில் வசித்து வருகிறேன். அங்கே மணி என்னும் நாட்டு நாயும், கறுப்பி என்னும் எட்டு வயதுப் பூனையும் எம்முடன் இருந்தன. ஒரு மழையிரவில், சரக்கு லாரியொன்றின் கீழ் நடுங்கிக்கொண்டிருந்த செந்நிறக் குட்டியைக் கண்டு இரங்கி எடுத்து வந்தேன். வந்தவுடன் அதனைக் கூடத்தின் நடுவே, கறுப்பி உண்ணும் தட்டின் அருகிலேயே இறக்கிவிட்டேன். மணி மகிழ்ச்சியால் துள்ளிப் பாய்ந்தது, குட்டி அஞ்சி என் மகனது கையைக் கீறிற்று, கறுப்பி சீறிற்று. யானோ, சீறிய கறுப்பியை அதட்டி ஓர் அடியும் வைத்தேன். அன்றிரவே அது சாளரத்தின் வழியாக வெளியேறி, அண்டை வீட்டுத் தகரக் கூரையில் நான்கு நாள் அமர்ந்திருந்தது. அழைத்தும் வரவில்லை, பால் வைத்தும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அங்கும் காணோம். தெருத் தெருவாய்த் தேடியும் பயனில்லை. எட்டாண்டு எம் வீட்டை ஆண்ட பிராணிக்கு யான் அளித்த விடை அதுவாயிற்று.

இதனைக் கேட்ட பெரியோர் பலர், "கிராமத்தில் இவ்வளவு சடங்கா செய்தோம்? நாயும் பூனையும் கோழியும் ஒரே முற்றத்தில் தாமே பழகவில்லையா?" என வினவினர். வினா நியாயமானதே. ஆயின், கிராமத்து வீட்டில் முற்றம் உண்டு, வைக்கோற்போர் உண்டு, கூரையும் பரணும் மரமும் உண்டு. புதுப் பூனை விரும்பினால் வரும், அஞ்சினால் விலகும், பத்து நாள் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுப் பதினோராம் நாள் அடுப்பங்கரைக்கு வரும். அவற்றைப் பழக்கியது பிராணிகளின் நல்லியல்பு மட்டுமன்று. இடமே பாதி வேலையைச் செய்தது. 1971ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பின்னர் நாற்றிசையினின்றும் மக்கள் குடியேறிய இவ்வூரில், எம்மனோர்க்கு வாய்த்தவை இரண்டறை வாடகை வீடுகளே. கதவைச் சாத்தினால் விலகிப்போக வழியில்லை. ஆகவே யான் கூறுவது இதுவே: இடம் கொடுக்க இயலாத வீட்டில், அதற்கீடாகக் காலத்தைக் கொடுத்தல் வேண்டும்.

பூனையின் இயல்பை அறிந்தால் இதன் உண்மை விளங்கும். நாய், கூட்டமாய் வாழும் ஓநாயின் வழித்தோன்றல். பூனையோ, தனித்து வேட்டையாடும் காட்டுப் பூனையின் வழி வந்தது. ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனொருவனுடன் பூனையையும் அடக்கம் செய்திருந்த குழியைச் சைப்பிரஸ் தீவில் கண்டறிந்ததாக 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இத்துணைக் காலம் நம்முடன் வாழ்ந்தும், தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும் குணத்தை அது விடவில்லை. கன்னத்தை நாற்காலியிலும் கதவிலும் உரசுவது கொஞ்சுதல் மட்டுமன்று; ஆங்குள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூசி, 'இஃது என் இடம்' என்று எழுதி வைத்தலாகும். அயல் மணத்தோடு மற்றொரு பூனை திடீரெனத் தோன்றுமாயின், அவ்வெழுத்தையெல்லாம் ஒரு நொடியில் அழித்தது போலாகும்.

அன்றியும், நாயும் பூனையும் வெவ்வேறு மொழி பேசுபவை. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலைச் சுழற்றி அடித்தால் சினம். நாய் முன்னங்காலைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைப்பு. பூனை தூக்கினால் அறைவதற்கு ஆயத்தம். எம் தெருவில் பூனையைத் தமிழர் பூனை என்பர். கன்னடர் பெக்கு என்பர். தெலுங்கர் பில்லி என்பர். கன்னடத்துப் பெக்கும் நம் பழந்தமிழ் வெருகும் ஒரே வேரினின்று கிளைத்த சொற்கள் என்பது பலருக்குத் தெரியாது. உறவுடையோரும் அதனை உணரச் சிறிது காலம் வேண்டியிருக்கிறது. எல்லைப்புறத்தில் வாழும் எமக்கு இது புதிய செய்தியன்று.

நிற்க. சென்ற ஆண்டு எம் இல்லத்துக்கு மற்றொரு பூனை வந்தது. அப்போது மணியும், முன்னர் வந்து வளர்ந்துவிட்ட செம்பனும் வீட்டுக்குரியவை. இம்முறை கால்நடை மருத்துவர் ஒருவரின் சொற்படி நடந்தேன்.

முதலாவதாக, புதியதைத் தனியறையில் வைத்தேன். அதற்கென உணவு, நீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி ஆகியவற்றை அமைத்தேன். இஃது அச்சத்தைத் தணிப்பதோடு நோயையும் தடுக்கும். வெளியிலிருந்து வரும் பூனை கொடிய தொற்றுக்களைக் கொண்டுவரக்கூடும். அவற்றுட் பல இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். மாடு வளர்ப்போர் இதனை அறிவர். 1824ஆம் ஆண்டு முதல் மத்திகிரியில் கால்நடைப் பண்ணை உள்ள ஊர் எம்முடையது. புதிதாய் வாங்கிய மாட்டை உடனே மந்தையில் விடாது தனியே நிறுத்துதல் கால்நடை வளர்ப்பில் தெரிந்த முறையே. மாட்டுக்குக் காட்டும் எச்சரிக்கையைப் பூனைக்குக் காட்ட ஏன் மறக்கிறோம்?

இரண்டாவதாக, மணத்தை முன்னே அனுப்பினேன். ஒரு துணியால் புதியதன் கன்னத்தைத் தடவிச் செம்பன் படுக்குமிடத்திலும், செம்பனைத் தடவிய துணியைப் புதியதன் பெட்டியிலும் வைத்தேன். சாத்திய கதவின் இருபுறமும் உணவு வைத்து, நாள்தோறும் தட்டுக்களைச் சிறிது சிறிதாக நெருக்கினேன். அயலான் மணம் வரும்போதெல்லாம் உணவும் வருகிறதென உணர்ந்தால் பகை தளரும்.

மூன்றாவதாக, கம்பி வலையின் ஊடே ஒன்றையொன்று காணச் செய்தேன். சில நிமிடமே, சீறினால் உடனே விலக்கி, மறுநாள் மீண்டும். சீறுதல் குற்றமன்று, 'அருகே வாராதே' என்னும் எச்சரிக்கைச் சொல். அதற்கு அடித்தால், எச்சரியாமலே பாய அது கற்றுக்கொள்ளும். அன்றேல் கறுப்பியைப் போல் வீட்டையே துறக்கும். மணியைக் கயிற்றிற் பிடித்து, அமர்ந்திருந்தபோதெல்லாம் தின்பண்டம் கொடுத்தேன். பூனை ஏறி அமர உயரத்தில் ஒரு பலகை அடித்தேன். பூனையைக் கையில் ஏந்தி நாயின் முகத்தருகே காட்டுதல் கூடவே கூடாது. தப்ப வழியின்றி அது நம் முகத்தையே கீறும். கிளி, முயல், கோழிக்குஞ்சு உள்ள இல்லத்தில் எத்துணைப் பழகினும் பூனையோடு அவற்றைத் தனியே விடலாகாது.

இருபத்து நான்காம் நாள் மூன்றும் ஒரே கூடத்தில் உறங்கின. சில வீடுகளில் ஒரு வாரத்திலும், சில வீடுகளில் பல மாதத்திலும் இது கைகூடலாம். ஒரு சிலவற்றில் நட்பு மலராது, ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளுதலே எஞ்சும், அதுவும் வெற்றியே.

இரவு முறை, பகல் முறை என மாறி மாறி உழைப்போர்க்கு இதற்கு நேரமேது என்பர் சிலர். யானும் முறை மாறி உழைப்பவனே. நாளொன்றுக்கு உணவு வேளைகளில் பத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் யான் செலவிட்டதில்லை. அவ்வளவும் இயலாதவர், பூனையைக் கொணராதிருத்தலே கருணை. மனமிரங்கிக் கொணர்ந்து, சண்டை மூண்டதும் கோணியிற் கட்டி நெடுஞ்சாலையோரத்தில் விட்டு வருவோர் உளர். பசிதாகத்தால் துன்புறும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

மற்றொன்றும் மறவற்க. வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் பரவும். கடியோ கீறலோ பட்டால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவித் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். என் மகனுக்கும் அவ்வாறே தடுப்பூசி இடப்பெற்றது. இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கவே 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் தோன்றியதெனின், இதன் கொடுமையை விரிக்க வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள நாய், பூனை யாவற்றுக்கும் முன்னரே தடுப்பூசி இட்டிருத்தல் கடமை.

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. புதியதன்பால் நாம் காட்டும் இரக்கம், பழையதற்கு இழைக்கும் அநீதியாக மாறலாகாது. முதலில் வந்தவற்றுக்கு முதலில் உணவிடுக; அவற்றின் படுக்கையைப் பறியாதிருக்க; புதியதை மெல்லக் கதவு திறந்து வரவேற்க. எம் வீட்டில் அப்பலகை இன்றும் இருக்கிறது. புதுப் பூனை அதன்மீது உறங்குகிறது. கறுப்பி சென்ற சாளரத்தை இரவில் சிறிது திறந்தே வைத்திருக்கிறேன்.