தள்ளுபடிப் போட்டி: எதில் ஈடுகொடுப்பது?

திருவள்ளூர் கடைத்தெருவிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "செல்போனில் இதைவிடக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள், நீங்கள் ஏன் தரக்கூடாது?" கேட்பவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் தொழிலாளி எங்கே பத்து ரூபாய் மிச்சமாகும் என்று பார்ப்பது நியாயமே.

அதற்காக எல்லாச் சரக்கிலும் விலையை இறக்கினால் கைமுதல் கரைந்துவிடும். நூறு ரூபாய் சரக்கில் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய் குறைத்தால், அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு விற்றாக வேண்டும்.

ஆனால் சர்க்கரை, துவரம்பருப்பு, சமையல் எண்ணெய், டீத்தூள், சோப்பு போன்ற பத்துப் பதினைந்து சரக்குகளின் விலை வாடிக்கையாளருக்கு மனப்பாடம். கடை மலிவா, விலை அதிகமா என்று அவர்கள் முடிவு செய்வது இவற்றை வைத்துத்தான். இவற்றில் மட்டும் ஈடுகொடுப்போம். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்போம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து கொள்முதல் செய்தால் மூட்டை விலையிலும் வண்டி வாடகையிலும் மிச்சம் பிடிக்கலாம்.

விலையை ஒப்பிடுபவரிடம் முழு பில்லையும் பார்க்கச் சொல்வோம். கூப்பனுக்கு இவ்வளவு ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். டெலிவரி கட்டணமும் சேரலாம். கால் கிலோ பருப்பு வாங்குபவருக்கு அந்தக் கூப்பன் பெரும்பாலும் எட்டாது.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். கம்பெனி பாக்கெட்டோடு தரும் இலவசப் பொருளைப் பிரித்துத் தனியாக விற்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்தே நம் பெயர் நிற்கும்.

அடிப்படைக் கோளாறு கொள்முதல் விலையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலை, நமக்குச் சரக்கு தரும் ஏஜென்சிக்கு ஒரு விலை என்றால் போட்டி சமமாகாது. இதைக் கண்டித்துத்தான் 2022 ஜனவரியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு ஒத்துழையாமைப் போராட்டத்தில் இறங்கியது. பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ ஆகியவை அளவுக்கு மீறித் தள்ளுபடி தருவதாக 2025 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் அது முறையிட்டது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்க விலைக்கும் கீழே விற்பதை 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஆதிக்கத்தையும் அடக்க விலையையும் நிரூபித்தாக வேண்டும்.

எனவே ஒவ்வொருவரும் கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்தி, அதே சரக்கின் ஆன்லைன் விலையைத் தேதியோடு குறித்துச் சங்கத்தில் கொடுப்போம். ஒரே சரக்குக்கு ஒரே கொள்முதல் விலை என்று கம்பெனிகளிடம் கேட்க நமக்குத் தேவை கணக்கு. வெறும் முணுமுணுப்பு அல்ல.