அண்ணன் பார்த்த கண்ணாடி

பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணன் சம்மதம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிஷம். அதில் பதினைந்து நிமிஷம் கேசரிக்குப் போயிற்று. அதே அண்ணன் துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி வாங்க நாலு மாசம் யோசித்தார்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஊரில் இருந்தவரை பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் பார்க்கிற ஆசாமி. அங்கே போன பதினைந்து வருஷத்தில், சனிக்கிழமையானால் ஆயிரம் கஜ தூரத்தில் டார்கெட் சுடுவது, நவம்பர் வந்தால் மான் வேட்டை என்று ஆகிவிட்டார். (இங்கே யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் மானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டும். டெக்ஸாஸில் லைசென்ஸ், சீசன், ஆளுக்கு இத்தனை மான் என்று முறையாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.)

போன இடத்தில் என்னையும் கடைக்கு இழுத்துப் போனார். "நீதான் பி.காம். ஆச்சே, கணக்குப் பார்த்துச் சொல்லு."

அலமாரியில் ஸ்கோப்புகள் நகைக்கடை மாதிரி வெல்வெட்டில் படுத்திருந்தன. விசிட்டர் விசாக்காரன் துப்பாக்கியைத் தொட்டால் சட்டச் சிக்கல் வரலாம் என்று அண்ணன் எச்சரித்திருந்தார். ஸ்கோப்பைத் தொடலாம். விலைச் சீட்டைப் பார்த்ததும் அதையும் தொடவில்லை.

"இதுதான்டா" என்று அண்ணன் காட்டியதில் 5-25x56 என்று போட்டிருந்தது. பஸ் ரூட் நம்பர் இல்லை. ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் என்பது முதல் பாதி. கடைசி எண், முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். எடை ஒரு கிலோ. விலை, துப்பாக்கியைப் போல இரண்டு மடங்கு. குதிரையைவிடச் சேணம் அதிகம்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் விற்க அவசரப்படவில்லை. மூன்றே கேள்வி கேட்டார். எதைச் சுடுவாய்? எவ்வளவு தூரத்தில்? எந்த வெளிச்சத்தில்?

"டார்கெட், ஆயிரம் கஜம், பட்டப்பகல்" என்றார் அண்ணன் கம்பீரமாக. "மான்..." என்று இழுத்தார். "நூறு கஜம். சாயங்காலம்."

டெக்ஸாஸ் மான் வேட்டையில் பெரும்பாலும் பரண் கட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். நூறு கஜம் தள்ளி, டைமர் வைத்து மக்காச்சோளம் கொட்டும் ஒரு டப்பா. சத்தம் கேட்டதும் ஹாஸ்டல் பையன்கள் மாதிரி மான்கள் வரும்.

"நூறு கஜத்துக்கு எதுக்குண்ணே இருபத்தஞ்சு மடங்கு? மானுக்கு ஜலதோஷமான்னு பார்க்கவா?"

அண்ணன் முறைத்தார். பெரியவர் ஒரு பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். என் பி.காம்.முக்கு வேலை வந்தது.

முன்பக்க லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுக்க வேண்டும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். 56-ஐ 25-ஆல் வகுத்தால் இரண்டேகால் மில்லிமீட்டர். பட்டப்பகலில் நம் கண்பாவையும் அவ்வளவே சுருங்கி இருப்பதால் போதும். அந்தி நேரத்தில் கண்பாவை ஆறு ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அப்போது இரண்டேகால் என்பது பெரிய அண்டாவில் ஒரு டம்ளர் தண்ணீர். படம் மங்கிவிடும். மடங்கை எட்டுக்குக் குறைத்தால் ஏழு மில்லிமீட்டர், வெளிச்சம் திரும்பி வந்துவிடும். டெக்ஸாஸில் சூரியன் விழுந்து அரைமணி நேரம் வரை சுட அனுமதி உண்டு. மான் வருவதோ அந்த அரைமணியில்.

இன்னொரு கணக்கு. இருபத்தைந்து மடங்கில் நூறு கஜத்தில் தெரிகிற உலகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து அடி. மான் இரண்டு எட்டு வைத்தால் புல் மட்டும் தெரியும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது சாப்பிட்டு, கை கழுவிப் போய்விடும். தவிர, வெயில் காலத்தில் மடங்கு ஏற ஏறக் கானலும் சேர்ந்து பெரிதாகும். டார்கெட் ஒரே இடத்தில் நின்று டான்ஸ் ஆடும்.

அப்படியானால் இத்தனை மடங்கு எதற்கு என்று கேட்டேன். ஆயிரம் கஜப் போட்டியில் நடு வட்டம் பத்து அங்குலம். ஸ்கோப்பைத் திருகினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம். ஒரு கிளிக், நூறு கஜத்தில் கால் அங்குலம், ஆயிரம் கஜத்தில் இரண்டரை அங்குலம். நூறு கஜத்துக்குச் சரிபார்த்த .308 துப்பாக்கியின் குண்டு, ஆயிரம் கஜம் போவதற்குள் முப்பது அடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். அதாவது மூன்று மாடி! அதைக் கிளிக் கிளிக்காக ஈடுகட்ட வேண்டும். நூறு கிளிக் மேலே போய் நூறு கிளிக் கீழே வந்தால் புறப்பட்ட இடத்துக்கே முள் வர வேண்டும். காசு கேட்பது அந்த நாணயத்துக்கு.

"போன வருஷம் ஒரு மானை அடிச்சேன்" என்றார் அண்ணன் திடீரென்று. குரல் இறங்கியிருந்தது. "முந்நூத்தி எண்பது கஜம். பட்டதைப் பார்த்தேன். ஓடிடுச்சு. டார்ச் வெச்சு ராத்திரி ரெண்டு மணி வரை தேடினேன். ரத்தம் இருந்தது. மான் இல்ல. நல்ல ஸ்கோப் இருந்திருந்தா..."

பெரியவர் தாடியைத் தடவினார். "காற்று எவ்வளவு இருந்தது?"

அண்ணனிடம் பதில் இல்லை.

நானூறு கஜத்தில், மணிக்குப் பத்து மைல் காற்று குறுக்கே அடித்தால் குண்டு ஓர் அடி தள்ளிப்போகும். மானின் உயிர்நிலை எட்டுப் பத்து அங்குலம்தான். குண்டு போய்ச் சேர அரை செகண்டு. அதற்குள் மான் ஓர் எட்டு வைக்கலாம். இதை எந்தக் கண்ணாடியும் சொல்லாது.

கடைசியில் அண்ணன் வாங்கியது 3-15x44. அரைக்காசு மிச்சம். குறிக்கோடு படத்தோடு சேர்ந்து வளரும் வகை. அதனால் எந்த மடங்கில் வைத்தாலும் அதன் அளவுக்கோடுகள் பொய் சொல்லாது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலம் இடைவெளி இருக்கும்படி மாட்டினார். போன ஸ்கோப்பை நெருங்கிப் பார்த்ததில் அது உதைத்து, அண்ணனின் புருவத்துக்கு மேல் பிறைச் சந்திரன் போட்டிருந்தது.

திரும்பும்போது காரில் ஆறுதல் சொன்னேன். 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்தின் சிமோ ஹாயா ஸ்கோப்பே இல்லாமல் குறிவைத்தவர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய ஏர் ரைஃபிளில் இருந்தது பெரிதாக்கும் லென்ஸ் இல்லை, சின்ன ஓட்டை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அப்படித்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்!

"தெரியும், வாயை மூடு" என்றார் அண்ணன்.

அந்த சனிக்கிழமை பரணில் நானும் இருந்தேன். டப்பா சோளம் கொட்டியது. ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் வடியும் நேரம், எதிர்ச்சரிவில் ஒரு கலைமான். கொம்பு ஒரு கிளை முருங்கைமரம் மாதிரி. தூரமானியில் பார்த்தேன்: 410 கஜம்.

அண்ணன் திருகினார். கிளிக் கிளிக். கன்னத்தை வைத்தார். மூச்சு நின்றது. என்னுடையதும். பத்து செகண்டு ஆயிற்று. விரலை எடுத்துவிட்டார்.

"ஏன்ணே?"

"இங்க புல்லு வலது பக்கம் சாயுது. அங்க இடது பக்கம் சாயுது. நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியல." பூட்டைப் போட்டார். "கண்ணாடி மானைக் கிட்ட கொண்டாந்துடும்டா தம்பி. குண்டு முழு தூரமும் போய்த்தான் ஆகணும்."

மான் நிதானமாக மேய்ந்துவிட்டு மேடேறி மறைந்தது.

வீட்டில் அண்ணி வாசலிலேயே கேட்டாள். "மான் எங்க?"

"பார்த்தோம்."

"பார்க்கவா ஆயிரத்து இருநூறு டாலர்? அதுக்கு பைனாகுலர் போதுமே."

அண்ணன் பதில் சொல்லவில்லை. சாம்பாரை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அதில் முருங்கைக்காய் இருந்தது. அவர் கொம்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.