கால்வாய்க் கரையும் மிதிவண்டியும்

வழி என்பது ஓர் ஊரை மற்றோர் ஊரோடு இணைப்பது மட்டுமன்று. ஒரு தலைமுறையை மற்றொரு தலைமுறையோடு இணைப்பதும் அதுவே. பழைய வழி தூர்ந்துபோகும்போது அதனை அமைத்தோரின் உழைப்பும், அதில் சென்றோரின் சொல்லும் நினைவும் உடன் தூர்ந்துபோகின்றன. கைவிடப்பட்ட வழிகளைக் காக்கும் கடமை குறித்தும், அக்கடமைக்கு எளிய மிதிவண்டி எங்ஙனம் துணையாகும் என்பது குறித்தும் எம் கருத்தை மாணவர், ஆசிரியப் பெருமக்கள், சமுதாயப் பெரியோர் ஆகியோர்முன் வைக்க விழைகின்றோம்.

அயல்நாடுகளில் இரயில் ஓடாது நின்றுபோன இருப்புப் பாதைகளைப் பாழாக விடுவதில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அம்மண்மேட்டை மிதிவண்டியினர்க்கும் நடந்து செல்வோர்க்கும் உரிய பாதையாக்கிவிடுகின்றனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் ஊர்களுக்கிடையே ஏறத்தாழ 51 கிலோமீட்டர் நீளத்திற்கு இத்தகைய பாதை 1967-இல் திறக்கப்பட்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை 152 கிலோமீட்டர் நீளமுடையது. நண்பர் இருவர் மூவராய்ச் சேர்ந்து, பகலெல்லாம் மிதித்து, இரவில் சிற்றூர்களில் தங்கி, நாட்கணக்கில் அங்கே பயணம் செய்கின்றனர். இரயில் நின்றதனால் நலிந்த ஊர்கள் அவர்களால் மீண்டும் பிழைத்தன.

நம் தமிழகத்தில் நிலைமை வேறு. மீட்டர் பாதைகள் பலவும் இருந்த இடத்திலேயே அகலப் பாதைகளாக மாறிவிட்டன. 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பாதை போன்று கைவிடப்பட்டவை சிலவே. ஆயின், இருப்புப் பாதையினும் மூத்ததாகிய ஒரு வழி, கைவிடப்பட்ட நிலையில் நம் கடற்கரை நெடுகக் கிடக்கின்றது. அதுவே பக்கிங்காம் கால்வாய்.

1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், படிப்படியாக வளர்ந்து, ஆந்திரத்தின் காக்கிநாடா முதல் தெற்கே மரக்காணம் வரை செல்லும் நீர்வழியின் பகுதியாயிற்று. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்த வயிற்றோடு மண் சுமந்தோர் ஒருவர் பெயரும் அதற்குச் சூட்டப்படவில்லை. அந்நாளைய ஆளுநரின் பெயரே நிலைத்தது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் இதில் சென்றன. காற்றிருந்தால் பாய் விரித்தும், இல்லையேல் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகோட்டிகள் அவற்றைச் செலுத்தினர். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றதைப் பாடியிருப்பது தமிழ் மாணவர் அறிந்ததே. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களில் சிதைந்தபின் கால்வாய் தன் பழைய நிலைக்கு மீளவில்லை. சென்னை நகருக்குள் பறக்கும் இரயிலின் தூண்கள் இதன் நடுவிலேயே ஊன்றப்பட்டன. அயல்நாட்டில் இருப்புப் பாதை மிதிவண்டிக்கு இடந்தந்தது. நம் தலைநகரிலோ நீர்வழி இருப்புப் பாதைக்கு இடந்தந்து தான் ஒடுங்கிற்று.

இக்கால்வாயின் அருமையைக் காணக் கோவளமே தக்க இடம். ஒருபுறம் கடல்; மறுபுறம் முட்டுக்காட்டுக் கழிமுகமும் கால்வாயும். ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமாய்ச் சிறந்து, 1752-இல் கிளைவின் படையிடம் வீழ்ந்த ஊர் இது. ஹஸ்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவை நாடிச் சமய வேறுபாடின்றி மக்கள் வந்துபோகும் ஊரும் இதுவே.

இங்கிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவை எம் நண்பர் ஒருவரும் யாமும் மூன்று நாட்களில் மிதிவண்டியில் கடந்தோம். கரை இடந்தந்தவிடத்துக் கரைமீதும், தராதவிடத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சென்றோம். கரைமீது செல்கையில் கொக்கும் நாரையும் எமக்கு அஞ்சிப் பறக்கவில்லை. வலை உலர்த்தும் பெரியவர்கள் நிறுத்தி ஊர் கேட்டனர், நீர் தந்தனர். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும், கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களையும், மரக்காணத்து உப்பளங்களையும் நின்று கண்டோம். சாலையில் சென்றபோதோ ஒருவரோடொருவர் பேசவும் இயலவில்லை. பின்னால் வரும் பேருந்தின் ஒலிக்குச் செவிகொடுத்து, வெள்ளைக் கோட்டிற்கு வெளியே ஒதுங்கி ஒதுங்கியே செல்ல நேர்ந்தது.

உல்லாசமாய்ச் சென்ற எமக்கே இந்நிலை எனின், அரசு வழங்கிய மிதிவண்டியில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவியின் நிலை யாது? மீன் கூடையைப் பின்னிருக்கையில் கட்டி விடியற்காலையில் விரையும் முதியவரின் நிலை யாது? நெடுஞ்சாலைகள் அகலமாகின்றன, ஆனால் அவ்வகலத்தில் மிதிவண்டிக்கென ஒரு முழம் ஒதுக்குவார் இலர். ஆகவே, முட்டுக்காடு முதல் மரக்காணம் வரை இயன்ற இடமெல்லாம் கால்வாய்க் கரையைச் செப்பனிட்டு மிதிவண்டிப் பாதையாக்க வேண்டும் என்பது எம் கோரிக்கை.

இதற்கு மறுப்புகள் எழலாம். 2008-இல் தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்ட தடத்துள் இக்கால்வாயும் அடங்கும். படகு விடும் திட்டம் என்னாவது என்பர். அன்று படகும் கரையில் நடப்போரும் ஒன்றாகவே சென்றனர். இன்றும் ஒன்றையொன்று தடுக்காது. வெள்ள நீருக்கு இடையூறாகாதா என்பது இதனினும் வலிய மறுப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மிகைநீர் ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேர்கின்றது. கரையைச் சுருக்கினால் ஊர் மூழ்கும். எனவே யாம் வேண்டுவது கற்காரைச் சுவரும் அலங்கார விளக்கும் அன்று. கால்வாயின் அகலத்தில் ஓர் அடியும் குறைக்காத, சரளை பரப்பிய மண்பாதையே. மீனவரின் வலை உலரும் இடமும், உப்பளத் தொழிலாளர் நடக்கும் வரப்பும் முன்போல் அவர்க்கே உரியனவாதல் வேண்டும். மக்கள் நாள்தோறும் நடமாடும் கரையில் குப்பை கொட்டவும், நிலத்தைக் கவரவும் எவரும் எளிதில் துணியார். ஆதலின் பாதையே கால்வாய்க்குக் காவலாகும்.

இஃது இயலுமா என ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். வாஷிங்டன் நகரிலிருந்து செல்லும் செசபீக் - ஒகையோ கால்வாய் 1924-இல் கைவிடப்பட்டது. பின்னாளில் அதன் தடத்தில் மோட்டார் சாலை அமைக்கலாம் என நாளேடொன்று எழுதியபோது, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், தம்மோடு அக்கரையில் நடந்து பார்க்க வருமாறு அதன் ஆசிரியரை அழைத்தார். 1954-இல் அந்நடைப்பயணம் நிகழ்ந்தது. நாளேடு தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் அக்கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இன்று அதன் கரை, 297 கிலோமீட்டர் நீள மிதிவண்டிப் பாதையாய்த் திகழ்கின்றது. வாதத்தால் ஆகாதது, கண்ணாரக் கண்டதனால் ஆயிற்று.

நம் மாணவர்க்கும் இதுவே வழி. நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றைக் கோவளத்தில் அமைத்து, கரையில் எவ்விடம் செல்லத்தக்கது, எவ்விடம் ஆக்கிரமிப்புற்றது என மிதிவண்டியில் சென்று குறித்துவரலாம். அக்குறிப்பையே மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பமாக அளிக்கலாம். தமிழ்த்துறை மாணவர்க்கு இன்னொரு பணியும் உண்டு. படகின் உறுப்புகளுக்கும் காற்றின் போக்குக்கும் நீரின் ஏற்ற வற்றத்திற்கும் படகோட்டிகள் வழங்கிய சொற்கள் எல்லாம் அகராதி ஏறிவிடவில்லை. இளமையில் அப்படகுகளில் சென்றோர் இன்று எண்பதை நெருங்கியும் கடந்தும் இருக்கின்றனர். கரை இன்னும் பத்தாண்டுக்குப் பின்னும் செப்பமாகலாம். அம்முதியோர் அதுவரை காத்திரார். ஆகவே பாதைக்கான விண்ணப்பத்தை எழுதும் கைகளே, அவர்கள்பால் அமர்ந்து அச்சொற்களையும் இவ்வாண்டே எழுதிக்கொள்ளட்டும்.