பிரஷ் மேல் பழி போடாதீர்கள்
போட்டோஷாப்பில் பிரஷ் திடீரென்று வண்ணம் பூச மறுத்தால், மென்பொருளை மூடித் திறப்பவர்களே அதிகம். வீண் வேலை. பெரும்பாலும் எங்கோ ஒரு பழைய தேர்வு இன்னும் நீங்காமல் இருக்கும். அதற்கு வெளியே பிரஷ் வேலை செய்யாது. எறும்புபோல ஊரும் கோடு தெரியவில்லையே என்பீர்கள். கன்ட்ரோல்-எச் பட்டாலே அது மறைந்துவிடும். தேர்வின் விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரைக் கூட்டி, எந்தப் பிக்சலும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகாமல் போனாலும் கோடு தோன்றாது, தேர்வு மட்டும் இருக்கும். தேர்வை நீக்கக் கன்ட்ரோல்-டி போதும். லேயரின் பகுதிகளை மறைக்கும் மாஸ்க்கில் வரும் தகராறு வேறு. லேயரில் படமும் மாஸ்க்கும் சிறுபடங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, சட்டம் எதைச் சுற்றி விழுந்திருக்கிறது என்று பார்க்காமலே கறுப்பைத் தீட்டுகிறோம். பின்னணி மறைவதற்குப் பதில் படத்தின் மேலேயே மை அப்புகிறது. ஆல்ட்டை அழுத்தி மாஸ்க்கைச் சொடுக்கிப் பாருங்கள், விட்டுப்போன சாம்பல் திட்டுகள் அங்கேதான் பிடிபடும். 2018-இல் வந்த 'செலக்ட் சப்ஜெக்ட்' ஒரே சொடுக்கில் ஆளைப் பிரித்துத் தருகிறது, சரி. கலைந்த தலைமுடியில் தடுமாறத்தான் செய்கிறது. அந்தத் தேர்வை மாஸ்க்காக வைத்துக்கொண்டால் பிறகும் திருத்தலாம். அழிப்பானால் தேய்த்துச் சேமித்து மூடியவருக்கு அந்த வசதி கிடையாது. புதிதாகக் கற்பவர்கள் அழிப்பானைத் தொடாமலிருப்பதே நல்லது.