ஸ்வானெங் குன்றுக் கலாசாலை

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பாகத்தில், கலஹாரி மணற்பரப்பின் கீழ்க்கரையை அடுத்து, செரோவே என்னும் பேரூர் ஒன்று உளது. பாமாங்வாத்தோ என்னும் குடியினர்க்குத் தலைநகராக அதனை 1902-ஆம் ஆண்டில் அமைத்தவர் மூன்றாம் காமா என்னும் கிறிஸ்தவ மன்னர். தலைநகரெனினும் மாடமாளிகைகளை ஆங்கு எதிர்பார்த்தல் வேண்டா. வட்டமான மண்சுவரும் புற்கூரையும் உடைய இல்லங்களும், மாட்டுத்தொழுக்களும், ஊரார் கூடி வழக்காடும் மன்றமுமே அவ்வூரின் பழைய உருவம். அம்மக்களுக்கு வாழுமிடம் ஒன்றன்று, மூன்று: ஊரில் ஓர் இல்லம், மழை பெய்தபின் சோளம் விதைக்கும் புலம், அதற்கும் அப்பால் ஆநிரை மேயும் பட்டி. சிறுவர்களைப் பட்டிக்கு அனுப்பிவிடுவது நெடுநாள் வழக்கமாதலால், அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஆண்மக்களினும் பெண்மக்களே மிகுந்திருந்தனர் என்பது நம்மவர்க்குப் புதுமையாய்த் தோன்றும்.

அந்நாட்டுக்குக் கல்வி கொணர்ந்தவர் நமக்கு அந்நியரல்லர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிகளை நாட்டிய அதே லண்டன் மிஷன் சங்கத்தாரே ஆங்கும் உழைத்தனர். அச்சங்கத்தைச் சார்ந்த மாபெட் என்பார் 1857-இல் வேதாகமம் முழுவதையும் அம்மக்களின் ஸெட்ஸ்வானா மொழியில் முடித்தளித்தார். எனினும் 1960-ஆம் ஆண்டையடுத்த காலத்தில், பெச்சுவானாலாந்து எனப் பெயர் பூண்டு ஆங்கிலேயர் பாதுகாப்பிலிருந்த அந்நாட்டில் உயர்தரப் பள்ளிகள் மிகச் சிலவே. தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு மேற்படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. கொடிய வறட்சியால் மாடுகளும் மடிந்துகொண்டிருந்தன.

அந்நிலையில் 1962-இல் செரோவேக்கு வந்து சேர்ந்தவர் பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க். இவர் 1931-இல் டர்பன் நகரிற் பிறந்த வெள்ளையர். தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் துணைத் தூதராகக் காங்கோவில் அலுவல் பார்த்தவர். தம் அரசின் நிறவெறிக் கொள்கையைப் பொறாது 1957-இல் அப்பதவியைத் துறந்தவர். தாய்நாட்டில் இருத்தற்கு வழியற்றுப் போன பின்னரே செரோவேயை அடைந்தார். 1963-இல் ஊர்ப்புறத்துக் குன்றொன்றின் அடியில் முப்பதுக்கும் குறைவான மாணாக்கரைக் கொண்டு ஸ்வானெங் குன்றுப் பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளிக்குக் கட்டடம் கட்டப் போதிய பொருள் இல்லை. ஆதலின் மாணாக்கரும் ஆசிரியரும் வெளிநாடுகளிலிருந்து வந்த தொண்டர்களுமே கடைக்கால் தோண்டினர், கல் சுமந்தனர், சுவர் எழுப்பினர். இஃது அவ்வூரார்க்கு முற்றிலும் புதிதன்று. ஒரே பிராயத்தினரை ஒரு வகுப்பாக்கிப் பொதுப்பணிக்கு ஏவும் 'மொபாத்தோ' என்னும் முறை அவர்களிடம் தொன்றுதொட்டு இருந்தது. 1940-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் ஷெகெடி காமா என்னும் ஆட்சித் தலைவர் மொயெங் கல்லூரியைக் கட்டியபோது குடிகள் மாடுகளை இறுத்தும் இவ்வகுப்பினர் உடலுழைத்தும் அதனை நிறைவேற்றினர். மண்ணில் முன்னரே இருந்த வேர் ஒன்றினைக் கண்டு அதன்மேல் ஒட்டுவைத்ததே வான் ரென்ஸ்பர்க் செய்த சிறப்பு என்பது எம் கருத்து.

பாடங்களும் வேறுபட்டிருந்தன. நாட்டின் வறுமைக்குக் காரணம் யாது, செல்வம் எங்ஙனம் உண்டாகின்றது என்பவற்றை ஆராயும் 'அபிவிருத்திக் கல்வி' ஒரு பாடமாக வைக்கப்பட்டது. பள்ளியைச் சூழ ஊரார்க்கெனக் கூட்டுறவுப் பண்டசாலையும் தோன்றிற்று.

எனினும், இம்முயற்சியின் உயிர்நிலை பள்ளியன்று, 'பிரிகேட்' எனப்பட்ட தொழிற்குழுக்களே. உயர்தரப் பள்ளியில் இடம் பெறாத பிள்ளைகளுக்காக 1965-இல் முதலாவதாகக் கட்டடத் தொழிற்குழு அமைந்தது. கொத்தர் தொழில் அறிந்த ஒருவரின் கீழ்ப் பிள்ளைகள் வாரத்தின் பெரும்பகுதியும் மெய்யான கட்டடங்களையே கட்டுவர்; எஞ்சிய நேரத்தில் ஆங்கிலமும் கணக்கும் தொழிற்கு வேண்டிய சாத்திரமும் கற்பர். கட்டிய வேலைக்கு வரும் கூலியிலிருந்தே பயிற்சிச் செலவு ஈடு செய்யப்படும். இதுவே அதன் சூத்திரம். அரசாங்கம் பணந் தரும்வரை ஓர் ஊர் காத்திருக்க வேண்டுவதில்லை. தானே தன் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கலாம். பின்னர்த் தச்சு, நெசவு, தோல் பதனிடுதல், உழவு முதலியவற்றிற்கும் குழுக்கள் எழுந்தன. நாட்டின் ஏனைய ஊர்களும் இம்முறையைக் கைக்கொண்டன.

கணக்கு எல்லாவிடத்தும் ஒத்து வரவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 1966-இல் விடுதலை பெற்ற நாட்டில் கட்டடத்துக்குத் தேவை மிகுதி. ஆதலின் கட்டடக்குழு தன் காலில் நின்றது. நெசவுக்கும் உழவுக்கும் அத்தகைய சந்தை இல்லை. மழை பொய்க்கும் நாட்டில் உழவுக்குழு தன் செலவைத் தானே ஈட்டுமென எதிர்பார்த்தல் மிகையே. வறியோரும் முதியோரும் சேர்ந்து தம் உழைப்பையும் பொருளையும் தம்முள் மாற்றிக்கொள்ளும்படி அமைத்த 'பொயிட்டெக்கோ' என்னும் சங்கமும் நெடுநாள் நிலைத்திலது. தென்னாப்பிரிக்காவினின்று நீங்கிச் செரோவேயைப் புகலிடமாகக் கொண்ட நாவலாசிரியை பெஸ்ஸி ஹெட் அம்மையார் இத்தோட்டங்களில் உழைத்தவர். 1981-இல் வெளிவந்த செரோவே பற்றிய தம் நூலில், காமா மன்னரோடும் ஷெகெடியோடும் ஒப்ப வான் ரென்ஸ்பர்க்குக்கும் ஒரு பகுதியை அவர் வகுத்திருப்பது கருதத்தக்கது.

இனி, எல்லாவற்றினும் வலிய ஆட்சேபம் ஒன்றனை ஆராய்வோம். கைத்தொழிற் கல்வி தாழ்ந்த கல்வி. ஏழைகளை ஏழைகளாகவே வைத்திருக்கும் தந்திரம் என்று பெற்றோர் பலர் ஐயுற்றனர். அறியாமையால் எழுந்த ஐயமென்று இதனைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. எல்லைக்கு அப்பால் நிகழ்ந்ததை அவர்கள் கண்டிருந்தனர். லண்டன் மிஷன் சங்கத்தார் 1904-இல் நிறுவிய டைகர் குளூப் கல்விச்சாலையில் ஏட்டுக் கல்வியோடு கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்பிக்கப்பட்டன. பொட்ஸ்வானாவின் முதற் குடியரசுத் தலைவர் செரெட்ஸே காமாவும் அங்குப் பயின்றவரே. அக்கலாசாலையைத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் 1953-ஆம் ஆண்டின் 'பாண்டு கல்விச் சட்ட'த்தின் வழி மிஷனரிமார் கையினின்று பறித்தது. கருநிறத்தாருக்கு உடலுழைப்புக்கு மேற்பட்ட கல்வி எற்றுக்கு என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. இங்ஙனமாகவே, எல்லையின் ஒருபுறம் பிள்ளையின் கையிற் கொடுத்த கரணை அவனை அடிமைப்படுத்தும் கருவி. மறுபுறம் அதே கரணை அவனை நிமிர்த்தும் கருவி. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது யாது?

கருவியன்று, அதனை யார் யார் ஏந்துகின்றனர் என்பதே என நாம் துணிகின்றோம். உயர்தரப் பள்ளி மாணாக்கனும் அலுவலர் மகனும் தொழிற்குழுப் பிள்ளையோடு ஒருங்கே மண் சுமக்குமிடத்துக் கைத்தொழில் கல்வியாகின்றது. ஏழையின் மகன் மட்டும் சுமக்குமிடத்து அது விதியாகின்றது. செரோவேயின் தொடக்க ஆண்டுகளில் முன்னையதே நிகழ்ந்தது. ஆனால் நாளடைவில் உயர்தரப் பள்ளி மாணாக்கர் உடலுழைப்பை வெறுக்கத் தலைப்பட்டனர். தாம் படிக்க வந்தது சுவர் கட்டுதற்கன்று என முறுமுறுத்தனர். இவ்வேமாற்றத்தை வான் ரென்ஸ்பர்க் தாமே 1974-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒளியாது எழுதியுள்ளார். அம்மாணாக்கரை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் தேறினவர்க்கு அலுவலகத்தில் நாற்காலியும் நல்ல சம்பளமும் காத்திருந்தன. கொத்தருக்கு வெயில் காத்திருந்தது. ஒரே குன்றின் அடியில் இரண்டு ஏணிகளைச் சார்த்திவிட்டு, இரண்டும் ஒரே உயரமென உபதேசித்தால் இளைஞர் நம்புவரோ? 'தன்னார்வத் தொண்டு' என்பதை ஒழுங்குமுறையாகக் கட்டாயப்படுத்தியதும் அவர் கையாண்ட முறையிற் காணும் குற்றமே.

இவற்றால் அம்முயற்சி தோல்வியுற்றது என முடிவு கட்டுவோர் உளர். அவரோடு நாம் உடன்படேம். 1967-இல் ஒராபாவில் வைரம் கண்டெடுக்கப்பட்டபின் பொட்ஸ்வானாவின் நிலையே மாறிற்று. அரசாங்கத்தின் கருவூலம் நிறைந்தது; பள்ளிகள் பெருகின. வறுமையின் நடுவே, வேறு வழியின்றி, ஊராரே கண்டுபிடித்த உபாயத்தை வைரம் பிறந்த பின் வந்த செழிப்பைக் கொண்டு அளப்பது முறையன்று. வைரமற்ற நாடுகள் ஆப்பிரிக்காவில் இன்றும் பல. அவற்றிற்கு 1965-ஆம் ஆண்டுக் கணக்கே பயன்படும்.

வான் ரென்ஸ்பர்க்குக்கு 1981-இல் ஸ்டாக்ஹோம் நகரில் 'நேரிய வாழ்வு' விருது வழங்கப்பட்டது. பொட்ஸ்வானாவின் குடியுரிமை பெற்று, அந்நாட்டிலேயே 2017-இல் அவர் உயிர்நீத்தார். ஸ்வானெங் குன்றுப் பள்ளி இன்று அரசாங்க மேனிலைப் பள்ளி. தொழிற்குழுக்களையும் இந்நூற்றாண்டில் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர்க்கு ஒழுங்கான சம்பளமும் பிள்ளைகளுக்கு மதிப்புள்ள சான்றிதழும் கிடைத்தற்கு அது வழியாயின் நன்றே. ஆயினும் அக்குழுக்களை நடத்திவந்த ஊர்ச் சபைகளின் அதிகாரம் நீங்கியது நன்றென்று கூற நாம் இசையோம். எத்தொழிலைக் கற்பிப்பது, யார் வீட்டை முதலிற் கட்டுவது என்பவற்றை ஊரார் மன்றத்தில் அமர்ந்து வழக்காடித் தீர்த்த காலத்தில், எழுத்தறியாத முதியோரும் அக்கல்விக்கு உரியவராயிருந்தனர். இன்று அவ்வினாக்களுக்கு விடை தலைநகர் கபரோனேயிலிருந்து வருகின்றது.