பால் குறைந்தால் தாய்மை குறையுமா?

மார்பகப் பாரத்தினால் கழுத்திலும் தோளிலும் முதுகிலும் ஓயாத நோவுற்று வருந்தும் பெண்களுள் சிலர், சத்திரசிகிச்சை மூலம் அப்பாரத்தைக் குறைத்துக் கொள்கின்றனர். இதனை வீண் ஆடம்பரம் என்று எண்ணுவோர் அந்த நோவை அறியாதவர்களே. ஆயினும், மணத்திற்கு முன்னர் இச்சிகிச்சை பெற்ற பெண் கருவுற்றதும் அவளது உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகின்றது: பிறக்கும் பிள்ளைக்குப் பாலூட்ட இயலுமா? இவ்வாரம் நாம் அதனை ஆராய்வோம்.

பாலைச் சுரப்பவை மார்பகச் சுரப்பிகள். அதனைக் காம்புக்குக் கொண்டு வருபவை பால் நாளங்கள். பிள்ளை உறிஞ்சும்போது காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, பாலை உண்டாக்கும் புரோலக்ரினும், அதனை வெளியே தள்ளும் ஒக்சிரோசினும் இரத்தத்திற் கலக்கின்றன. சத்திரசிகிச்சையில் சுரப்பியின் ஒரு பகுதி அகற்றப்படுவதுடன், சில நாளங்களும் நரம்புகளும் அறுபடவுங் கூடும். காம்பைக் கீழுள்ள சுரப்பி இழையத்தோடு விட்டுவைத்துச் செய்திருப்பின் நம்பிக்கை அதிகம். முற்றாக வெட்டியெடுத்து மீண்டும் ஒட்டியிருப்பின் மிகக் குறைவு. ஆண்டுகள் செல்ல நரம்புகள் ஓரளவு தேறுவதுமுண்டு. எனவே எவ்வளவு பால் சுரக்குமென முன்கூட்டியே அளந்து சொல்ல எவராலும் இயலாது.

சிகிச்சை செய்துகொண்டதை மாமியாரிடம் சொல்வதும் விடுவதும் அப்பெண்ணின் விருப்பம். ஆனால் வைத்தியரிடமும், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் மறைத்தல் ஆகாது. ஏனைய தாய்மாருக்கு, "அடிக்கடி ஊட்டுங்கள், தானே சுரக்கும்" என்று கூறுவது நல்ல ஆலோசனையே. உண்மையை அறியாது இவளுக்கும் அதனையே கூறினால், பிள்ளை பசியால் வாடும் நிலை ஏற்படலாம்.

தாய் கவனிக்க வேண்டிய குறிகள் சில உள. பிறந்த முதற் சில நாட்களில் பிள்ளையின் நிறை சிறிது குறைதல் இயற்கை. ஐந்தாம் நாளின் பின்னர், 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் கழித்தல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்தபோதிருந்த நிறையை மீண்டும் அடைதல் வேண்டும். பிள்ளை பாலுக்கும் விழியாது சோர்ந்து உறங்கினாலோ, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சள் நிறமாயினாலோ, ஒருநாளும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே ஊட்டத் தொடங்குக. நாளுக்கு 8 முதல் 12 தடவை இரு பக்கமும் ஊட்டி, பின்னர் கையாற் பீச்சியும் எடுத்தால், உள்ள சுரப்பி முழுப்பயன் தரும். அதன்பின்னும் போதாத அளவை, வைத்தியர் கூறும் பால்மாவினால் நிரப்பலாம். மெல்லிய குழாயொன்றின் ஒரு நுனியைப் பால்மாவுள்ள கிண்ணத்திலும் மறு நுனியைக் காம்பின் அருகிலும் வைத்துப் பாலூட்டும் முறையும் உண்டு. பிள்ளை மார்பிலிருந்தபடியே இரண்டையும் பெறும். உறிஞ்சுவதால் சுரப்பும் தூண்டப்படும். இதனைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ தாதியிடமோ கற்றுக்கொள்க. சிக்கனங் கருதிப் பால்மாவை நீர்க்கக் கரைத்தல் பெருந்தீங்கு.

இனி, வீட்டுப் பெரியோருக்கு ஒரு வார்த்தை. பால்சுறாவும் உள்ளியும் முருங்கையிலையும் ஆக்கிக் கொடுப்பது உங்கள் அன்பைக் காட்டும். ஆனால் அறுபட்ட நாளத்தை அவை ஒட்டவைக்கமாட்டா. "இவளுக்குப் பாலில்லை" என்று வருவோர் போவோரிடம் கூறுவதால் பிள்ளைக்கு ஒரு துளியேனும் கூடப்போவதில்லை. தாயின் மனமே நோகும். அதனிலும், இரவில் ஒரு வேளை நீங்கள் பிள்ளையை ஏந்தி, அவளை உறங்கவிடுவது பேருதவியாகும்.

ஒரு நாளைக்கு இரண்டு அவுன்ஸ் பாலே சுரந்தாலும், நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்த அப்பால் பிள்ளைக்கு நன்மையே செய்யும். ஆகவே சகோதரிகளே, உள்ளதை ஊட்டுங்கள். இல்லாததை வெட்கமின்றி நிரப்புங்கள். பிள்ளையின் நிறை ஏறுகின்றதா என்பதே நாம் பார்க்க வேண்டிய கணக்கு.